காலி டேங்கின் மேல் வைத்த கற்பூரம்

மோட்டார் சைக்கிளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்ப் பினாங்கிலிருந்து சிங்கப்பூர் வரை ஓட்டிவிட்டு வந்தவன் என்று ராயபுரத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அதே பைத்தியம் பிடித்தவர்கள் இன்றைக்கும் யாராவது ஒருவர் வந்து, எப்படிப் போவது, என்ன எடுத்துப் போவது என்று கேட்கிறார்கள். சலிக்காமல் சொல்கிறேன். ஒன்றே ஒன்றை மட்டும் இவர்களிடம் இத்தனை வருஷமாகச் சொல்லாமல் விழுங்கி வந்திருக்கிறேன். வாயால் சொல்லத்தான் வரவில்லை, எழுதவாவது வருகிறதா பார்ப்போம்.

முதலில் வழக்கமானவற்றைச் சொல்லிவிடுகிறேன். முன் சக்கரத்தைக் கழற்றி வண்டியோடு சேர்த்துக் கட்டுங்கள். பெட்டி சின்னதாகும், கிரேன்காரன் உங்கள் பரம்பரையை இழுத்துத் திட்டாமல் இருப்பான். கயிற்றை ஹேண்டில்பாரில் கட்டவே கூடாது, வண்டியின் இரும்புச் சட்டத்தில் கட்ட வேண்டும். ஹேண்டில்பாரில் கட்டித் தூக்கிய ஒரு வண்டி, துறைமுகத் தண்ணீருக்குள் குபுகுபுவென்று போனதை இந்தக் கண்ணால் பார்த்தேன். ட்யூப் இரண்டு, ப்ளக் மூன்று, செயின் கண்ணி ஒரு கைப்பிடி. விளக்குக்கான கார்பைடைக் காற்றுப் புகாத தகரடப்பாவில் அடைக்க வேண்டும். அம்மை குத்திக்கொண்ட சீட்டு சட்டைப் பையிலேயே இருக்கட்டும். நான் அதைப் பெட்டிக்குள் வைத்து ஆணி அடித்துவிட்டு, பினாங்குக்கு எதிரே, நோய் இல்லை என்று தெரியும்வரை ஆட்களை நிறுத்தி வைக்கும் தீவில் டெக் பிரயாணிகளோடு ஒரு வாரம் உட்கார்ந்திருந்தேன். அந்த நாட்டில் மழை சொல்லிக்கொண்டு வராது. ரப்பர் தோட்டத்துச் செம்மண்ணில் மழை பெய்த பிறகு முன் பிரேக்கைத் தொட்டால், வண்டி ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம்.

இன்னொன்று, கப்பலில் ஏற்றும் முன் டேங்கில் இருக்கும் பெட்ரோலை ஒரு சொட்டு விடாமல் வடித்துவிட வேண்டும். கப்பல் கம்பெனிக்காரன் மோந்து பார்த்துத்தான் சீட்டுக் கொடுப்பான். எல்லாம் இதில்தான் வந்தது.

அப்போது எனக்கு முப்பது வயது இருக்கும். துறைமுகத்துக்கு வடக்கே ஒரு மோட்டார் ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். திருவொற்றியூர்ப் பக்கம் வேலை பார்த்த வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது, எஞ்சின் இறுகிப்போன தம் மோட்டார் சைக்கிளை எங்கள் ஒர்க்ஷாப்பிலேயே விட்டுப் போனார். எட்டு மாதம் அதோடு மல்லுக்கட்டி ஓட வைத்தேன். பினாங்குக்குப் போகலாம் என்று முதலில் சொன்னது நான் இல்லை, என் மனைவி. அவளுடைய அக்கா ஈப்போ பக்கத்தில் ஒரு தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அக்காவை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அதுதான் அவளுக்கு. பின் சீட்டில் உட்கார்ந்து பழக வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணூர் வரைக்கும் போய்வந்தோம். தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்க்கும். அவள் வலது கையால் என் இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வருவாள்.

வண்டியை ஏற்றுவதற்கு முதல் நாள் காலை வீட்டு வாசலில் வைத்துப் பூஜை போட்டோம். பெட்ரோலை வடித்துவிட்டு, வாடையும் போகட்டும் என்று மூடியைத் திறந்து வெயிலில் நிறுத்தியிருந்தேன். எங்கள் ஒர்க்ஷாப் மேஸ்திரி மாலையோடு வந்தார். கூட்டம் சேர்ந்துவிட்டது. விளக்குக்குச் சந்தனம், டேங்குக்குக் குங்குமம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். மனைவி வெற்றிலையில் கற்பூரத்தை வைத்துக்கொண்டு தயங்கினாள்.

"உள்ள பெட்ரோல் கீதா மாமா?"

"ஒரு சொட்டு இல்ல மே. காலி டேங்கு. பயப்படாத கொளுத்து."

"கீழ தரையில வெக்கட்டா?"

"தரையில இன்னாத்துக்கு? வண்டிக்குத்தானே பூஜை. டேங்கு மேலயே வெய்யி."

இதைச் சொன்னவன் யார் தெரியுமா? டேங்குக்குப் பற்றுவைக்க வேண்டுமானால் மூன்று தடவை வெந்நீர் ஊற்றிக் கழுவி, ஒரு நாள் கவிழ்த்து வைத்து, மறுபடியும் தண்ணீரை நிரப்பிக்கொண்டுதான் நெருப்பைக் கிட்டே கொண்டுபோக வேண்டும் என்று ஒர்க்ஷாப்பில் எல்லோர் காதும் புளிக்கச் சொன்னவன். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்குதான் கெட்டது, உள்ளே ஆவி நிற்கும் என்று கத்தியவன். ஊருக்குத்தான் உபதேசம். ஒர்க்ஷாப்பில் அது டேங்கு. வாசலில் பொட்டு வைத்து மாலை போட்டதும் சாமியாகிவிட்டது. சாமிக்குக் கற்பூரம் ஏற்றுவதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அவள் டேங்கின் திறந்திருந்த வாய்க்குப் பக்கத்தில் வெற்றிலையை வைத்தாள், கொளுத்தினாள். கையை எடுப்பதற்குள் வெடித்தது.

அந்தச் சத்தம் எனக்கு நினைவில்லை. டேங்கின் பற்று பிளந்து விரிந்ததும், வாயிலிருந்து நீலமாக ஒரு நாக்கு வெளியே வந்து போனதும் நினைவிருக்கிறது. மாலை எரிந்துகொண்டிருந்தது. அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள். வலது கையை முகத்துக்கு முன்னால் தூக்கியபடி, அது யாருடைய கையோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தவில்லை. கத்தியது நான். மேஸ்திரிதான் சாக்கைப் போட்டு அவளைச் சுற்றினார். நான் கல் மாதிரி நின்றேன். பத்து வருஷம் நெருப்போடு வேலை செய்தவன், என் வீட்டு வாசலில் கால் எடுத்து வைக்க வராமல் நின்றேன்.

ஜட்காவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வலது கையும் கன்னமும் கழுத்தும் வெந்திருந்தன. கண் தப்பியது. டாக்டர் எப்படி ஆனது என்று என்னைத்தான் கேட்டார். மேஸ்திரி என் பக்கத்தில் நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து அவள் குரல் வந்தது.

"நான்தான்யா தெரியாம டேங்கு மேல வெச்சிட்டேன். அவரு வேணாம் வேணாம்னாரு."

இதைச் சொல்ல அவளுக்கு எங்கிருந்து தோன்றியது? எல்லோரும் வெளியே போன பிறகு கேட்டேன். பேசினால் உதடு வெடிக்கும் என்று மெதுவாகச் சொன்னாள்: "ஃபிட்டரு நீ. நீயே வெக்கச் சொன்னன்னு தெரிஞ்சா எவன் உன்ன நம்பி வண்டிய வுடுவான்? நான் பொம்பள. எனக்குத் தெரியலன்னா யாரும் இன்னான்னு கேக்க மாட்டாங்க."

வாசலில் கூடியிருந்தவர்களில் நாலு பேராவது நான் சொன்னதைக் கேட்டிருப்பார்கள் என்று பயந்தேன். ஒருவரும் கேட்டதாகச் சொல்லவில்லை. கூச்சலில் கேட்டிருக்காது, கேட்டிருந்தாலும் ஒரு ஃபிட்டர் அப்படிச் சொல்வான் என்று நம்பியிருக்க மாட்டார்கள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவள் கட்டுப் பிரித்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல் இருந்துவிட்டேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அது எங்கள் வீட்டிலேயே அடுத்தடுத்த பாயில் படுத்திருந்தது.

கை ஆறியபோது நாலு விரலும் உள்ளங்கையோடு மடங்கி ஒட்டிக்கொண்டன. இனி எதையும் பிடிக்க முடியாது. என் இடுப்பு வாரையும்தான். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மேஸ்திரி ஒரு சட்டம் போட்டார். பெண்கள் கேட்டைத் தாண்டி ஒர்க்ஷாப்புக்குள் வரக்கூடாது. அதுவரை வேலைக்காரர்கள் வீட்டுப் பெண்கள்தான் வந்து மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்துக் கோலம் போடுவார்கள். "ஒரு தபா பட்டது போதும்" என்றார் மேஸ்திரி. எல்லோரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். என் மனைவி மற்றப் பெண்களோடு ரோட்டில் நின்று, இடது கையை நீட்டிப் பொரி வாங்கிக்கொண்டாள். அவளால்தான் தாங்கள் வெளியே நிற்கிறோம் என்று அந்தப் பெண்கள் அவளோடு ஒட்டாமல் நின்றார்கள். உள்ளே கற்பூரம் ஏற்றியவன் நான்.

மறு வருஷம் வேறு டேங்கு போட்டு வண்டியைச் சரி செய்தேன். "நீயாவது போய் அக்காவப் பாத்துட்டு வா" என்றாள். போனேன். ஊரெல்லாம் மெச்சும் அந்தப் பிரயாணம் இதுதான். ஈப்போவில் அவள் அக்கா என்னைத் தனியாகப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். தங்கை கை வெந்தது கடுதாசியில் தெரிந்திருந்தது, எப்படி ஆனது என்று கேட்டாள். ஆயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் மேஸ்திரி இல்லை, ஒர்க்ஷாப் இல்லை, வேலை போய்விடும் என்ற பயம் இல்லை. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நான் சொன்னேன்: "தெரியாம டேங்கு மேல கற்பூரத்த வெச்சிட்டா."

என் வாயால், யாரும் கழுத்தைப் பிடிக்காமல் சொன்னேன். "சின்னதுலேர்ந்தே அவ அப்படித்தான், யோசிக்கவே மாட்டா" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு மீன் குழம்பு ஊற்றினாள். சாப்பிட்டேன். அன்றைக்கு எனக்கு என்னைக் கண்டே பயமாகிவிட்டது. அங்கிருந்து சிங்கப்பூர் வரை எந்த ஊரைப் பார்த்தேன் என்று கேட்டால், ரோடு நன்றாக இருந்தது என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது.

திரும்பி வந்த பிறகு வந்த ஆயுத பூஜையில் முடிவு செய்துவிட்டேன். கற்பூரத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகக் கேட்டுக்கு வெளியே, பெண்கள் நின்ற இடத்துக்குப் போனேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கேளுங்க. அன்னிக்கு டேங்கு மேல வெக்கச் சொன்னது நானு. அவ தரையில வெக்கட்டான்னுதான் கேட்டா. தப்பு என்னுது."

மேஸ்திரி வந்து என் தோளில் கை வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இன்னா மனுசன்யா நீ! கட்டினவளுக்குக் கெட்ட பேரு வரக்கூடாதுன்னு பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கினு கீறான் பாரு."

"இல்ல மேஸ்திரி, நெஜமாத்தான் சொல்றேன்." கற்பூரத்தின் மேல் கையை வைத்துச் சத்தியம் செய்தேன். கை சுட்டது. கூட்டம் அதைப் பார்த்ததும் நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்த மாரி புருசன் கெடைக்க அவ குடுத்து வெச்சிருக்கணும்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. கத்தினேன். கத்தக் கத்த நான் நல்லவனாகிக்கொண்டே போனேன். ஒர்க்ஷாப் கேட்டு அப்படியேதான் இருந்தது, பெண்கள் அப்படியேதான் வெளியே நின்றார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது அவள் ரயில்வே கேட்டருகே நின்றாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன். கோபம் இல்லை, களைத்துப்போயிருந்தாள்.

"ஆஸ்பத்திரியில சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்க மாமா. அப்ப நீ சும்மா இருந்த. இத்தினி நாளு எனக்குப் புத்தி இல்லன்னுதான் பேசினாங்க. இன்னியிலேர்ந்து, புருசனப் பொய் சொல்ல வெச்சு வேடிக்க பாத்தவன்னும் பேசுவாங்க."

ரயில் போகும் வரை அங்கேயே நின்றோம். பிறகு அவள் முன்னால் நடந்தாள்.