ஆசகான் காட்டுச் சடக்கில் ஒரு தாய் யானை

மலாக்காவின் காடுகளைப் பார்க்கக் கிளம்பும் நண்பர்கள் சிலர், "எங்கே போகலாம், எப்போது போகலாம்?" என்று என்னைக் கேட்டு எழுதியிருந்தார்கள். நான் முதன்முதலில் போன கதையைச் சொல்லிவிட்டே பதில் சொல்கிறேன். மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறுவருடம், 1958 மார்ச் மாதம். எனக்குத் திருமணமாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. கணவர் செல்வராஜுக்குப் பினாங்குக்கு மாற்றல் வந்துவிட்டது. அவர் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். கம்யூனிஸ்டுகளை ராணுவம் காட்டில் தேடிய அவசரகாலத்தில் காட்டோரம் போனாலே சுட்டுவிடுவார்கள் என்று பயந்து வளர்ந்த பிள்ளை. "ஊரை விட்டுப் போறதுக்கு முன்னால அந்தக் காட்டை ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்திரணும்" என்றார்.

மலாக்கா நகரின் காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய செட்டி சமூகத்தைச் சேர்ந்த நடராஜா இருந்தார். சொந்தமாக ஒரு பழைய வாடகைக் காடி, அதாவது கார், ஓட்டினார். அவருக்குத் தமிழ் வராது. வீட்டில் பேசுவதே மலாய்தான். சாமி கும்பிடும்போது மட்டும் சில தமிழ்ச் சொற்கள் வரும். நான் அவரை நடா பாங் என்பேன், நடா அண்ணன் என்று பொருள். நான் பள்ளி ஆசிரியை என்பதால் அவருக்கு நான் 'சிகு'. நாங்கள் மலாயில் பேசியதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன். இரண்டு நாளுக்கு வாடகை நாற்பது வெள்ளி, பெட்ரோல் எங்கள் செலவு.

விடியற்காலையில் கிளம்பி, ஜாசினில் பசியாறினோம். வீட்டிலிருந்து அதுவரை பதினெட்டு மைல். அங்கிருந்து ஆசகான் இன்னும் பன்னிரண்டு மைல் இருக்கும். வழியில் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தி, "இருட்டுறதுக்குள்ள திரும்பிடுங்க" என்றார். ஆளுக்குப் பயந்தா, மிருகத்துக்குப் பயந்தா என்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

காப்புக்காட்டை ஒட்டிய செம்மண் சடக்கு, அந்தக் காட்டுச் சாலை, மேடேறிப் போனது. வலப்பக்கம் ரப்பர் பால் எடுக்கும் கித்தா மரங்கள். இடப்பக்கம் ஆளுயரத்துக்கு மேல் ஆழமான கால்வாய், அதற்கு அப்பால் காடு. கால்வாயின் கரை செங்குத்தாக வெட்டியிருந்தது. மரம் இழுக்கும் லாரிகள் காட்டுக்குள் போவதற்காக ஓரிடத்தில் மட்டும் இரு கரையையும் சரித்து வைத்திருந்தார்கள். அந்தச் சரிவின் வாயில்தான் நடா பாங் காடியை நிறுத்தினார். எஞ்சின் சூடாகிவிட்டதாம்.

மேலே எங்கோ குழந்தை அழுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. "பன்றிக்குட்டியா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே செல்வராஜ் இறங்கி நடந்தார். சற்றுத் தூரம் போய்க் கால்வாய்க்குள் எட்டிப் பார்த்தவர், என் பக்கம் திரும்பிச் சிரித்துக் கையைத் துதிக்கைபோல ஆட்டிக் காட்டினார். யானைக்குட்டி!

அந்தச் சிரிப்பு முடியவில்லை. அவருக்கு மேலே, சடக்கின் வளைவில், தாய் வந்து நின்றது.

செல்வராஜ் மெல்லப் பின்னால் நகர்ந்து ஒரு கித்தா மரத்தோடு ஒட்டிக்கொண்டார். கித்தா மரம் எவ்வளவு ஒல்லி என்று தோட்டத்தில் வளர்ந்தவருக்குத் தெரியாதா? தாய் காதை விரித்து, தரையைக் காலால் சீய்த்தது. நடா பாங்கின் கை சாவிக்குப் போனது.

"ஹாரன் அடிச்சு விரட்டிடலாம், சிகு."

"வேண்டாம் பாங். அவர் அதுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்காரு."

அதற்குள் குட்டி கால்வாய் வழியே எங்களை நோக்கி ஓடிவந்தது. சரிவு வரை வந்து, காடியைக் கண்டு மிரண்டு, கத்திக்கொண்டே திரும்பி ஓடியது. தாய் பிளிறிக்கொண்டு நாலு எட்டு முன்னால் வந்தது. குட்டி மறுபடியும் வந்தது, மறுபடியும் மிரண்டது. தாய் இன்னும் நெருங்கியது. இப்போது அதற்கும் மரத்துக்கும் நடுவே ஒரு காடியின் நீளம்கூட இல்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குட்டி ஏறிவர இருந்த ஒரே வழியை நாங்கள் அடைத்துக்கொண்டு நின்றோம்.

"பாங், பிரேக்கை விடுங்க. எஞ்சின் வேண்டாம். காடி தானா பின்னால உருளட்டும்."

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "உன் புருஷன் அங்கே நிக்கிறார், சிகு."

"தெரியும். விடுங்க."

காடி உருண்டது. சக்கரத்தடியில் சரளை நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. கண்ணாடி வழியே செல்வராஜ் சிறிதாகிக்கொண்டே போனார். நாங்கள் விலகிப் போவதை அவர் பார்த்துவிட்டார். கூப்பிடவில்லை. நான் முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

குட்டி வந்தது. சரிவில் முட்டி போட்டு, வழுக்கி, மறுபடி ஊன்றி மேலே ஏறியது. தாய் அந்த மரத்தை உரசுவதுபோலக் கடந்து இறங்கி வந்து, குட்டியின் முதுகெல்லாம் துதிக்கையால் தடவிப் பார்த்தது. பிறகு அதை முன்னால் தள்ளிக்கொண்டு கால்வாயைக் கடந்து காட்டுக்குள் போனது. கிளைகள் முறியும் சத்தம் அடங்கும்வரை நாங்கள் மூவரும் அசையவில்லை.

செல்வராஜ் நடந்து வந்து பின்னிருக்கையில் உட்கார்ந்தார். ஜாசின் கோப்பிக் கடையில்தான் பேசினார்.

"காடி போறதைப் பார்த்தேன். நீ என்னை விட்டுட்டுப் போறேன்னு நினைச்சேன். அந்த நிமிஷம் உன்னை வெறுத்தேன், லெட்சுமி."

"நாங்க நகர்ந்தாத்தான் அது நகரும்னு தோணுச்சுங்க. சொல்றதுக்கு வழியில்ல."

அவர் தலையாட்டினார். கோப்பியில் பாதியைத் தட்டில் சிந்தினார். நான் கோப்பையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள், முன்பே திட்டமிட்டிருந்தபடி பருந்து பார்க்கத் தஞ்சோங் துவான் கடல்முனைக்குப் போகவே வேண்டாம் என்றார். நாற்பத்தைந்து மைல்தானே, முன்பணமும் கொடுத்தாயிற்று என்று வற்புறுத்தி அழைத்துப் போனேன். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே நின்று பார்த்தால், சுமத்ராவிலிருந்து கடல் தாண்டிப் பருந்துகள் வந்துகொண்டிருந்தன. ஒன்று மட்டும் களைத்துப்போய் அலையைத் தொடுகிற உயரத்தில் வந்தது. விழுந்துவிடும் என்றே நினைத்தோம். அது கரை மரத்தில் வந்து அமர்ந்ததும்தான் செல்வராஜ் மூச்சு விட்டார். முந்தைய நாளிலிருந்து அப்போதுதான் என் கையைத் தொட்டார்.

இனி, போகிறவர்களுக்கு. தஞ்சோங் துவானுக்கு மார்ச் மாதம் போங்கள். வெயில் ஏறிய பிறகுதான் பருந்துகள் அதிகம் வரும். தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். ஆசகான் பக்கம் போனால் காட்டு இலாகாவிடம் கேட்டுவிட்டுப் போங்கள், உள்ளூர்க்காரர் ஒருவர் கூட இருக்கட்டும். குட்டியின் சத்தம் கேட்டால் தாய் அருகில் இருக்கிறது என்று கொள்ளுங்கள். வண்டியை விட்டு இறங்காதீர்கள். எங்கே நிறுத்துகிறீர்கள் என்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

பினாங்கில் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் செல்வராஜ் இந்தக் கதையைச் சொல்லுவார். பிளிறலைக்கூட நடித்துக் காட்டுவார். ஆனால் காடி உருண்டு போகிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, "மிச்சத்தை இவ சொல்லுவா" என்பார். அந்த இடத்தைக் கடைசிவரை அவர் தன் வாயால் சொன்னதே இல்லை.