வளர்த்தி நிற்கும் வரை

எட்டாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில், என் பின்னலை ஒதுக்கி முதுகு வேர்க்குருவுக்குப் பவுடர் தடவிக்கொண்டிருந்த அம்மாவின் கை பாதியில் நின்றது.

"சாமி, நேரா நில்லு."

நேராகத்தான் நின்றுகொண்டிருந்தேன். வலப்பக்கத் தோள்பட்டை எலும்பு மட்டும் புடைத்திருப்பதாக அம்மா சொன்னாள். வலியே இல்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

பரமத்தி வேலூரிலிருந்து சேலத்துக்குப் போனோம். டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குப் பலகையில் மாட்டினார். என் முதுகுத்தண்டு வலப்பக்கமாக ஒதுங்கி, இடுப்பருகே மறுபக்கம் திரும்பியிருந்தது.

"புத்தகப் பையத் தூக்குனதாலயாங்க?" என்று அப்பா கேட்டார்.

"இல்லைங்க. வளர்ற வயசுல காரணமில்லாமயே வரும். வளர வளர வளைவும் கூடலாம். வளர்த்தி நிக்கிற வரைக்கும் பெல்ட் போட்டுப் பிடிச்சு நிறுத்தணும். மீறுச்சுன்னா ஆபரேஷன்தான்."

பெல்ட் என்றார்களே தவிர, அது அக்குளிலிருந்து இடுப்புவரை இறுக்கும் கெட்டிப் பிளாஸ்டிக் கூடு. குளிக்கவும் உடற்பயிற்சிக்கும் மட்டுமே கழற்றலாம். கண்ணாடி முன் நின்று, அமுங்கிய இடப்பக்க விலாவுக்குள் மூச்சை இழுத்து நிரப்பச் சொல்லித் தந்தார்கள். விலா அசையவே பல வாரம் ஆயிற்று.

கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள், "பாப்பா நல்லா வளந்துருச்சே" என்பார்கள். அம்மாவின் முகம் செத்துவிடும். பள்ளிப் பாவாடையின் மடிப்பைப் பிரித்து நீளமாக்கும்போது எத்தனை விரல் கூடியிருக்கிறதென்று அளந்து பார்ப்பாள். தூங்கும்போதுகூட வளர்கிறேன் என்ற நினைப்பு எனக்கும் வந்துவிட்டது.

அடுத்த ஆண்டு எக்ஸ்ரேயை டாக்டர் ஒருமுறை அளந்தார். மறுபடி அளந்தார்.

"கூடியிருக்குங்க. பெல்ட்டும் சின்னதாயிருச்சு. புதுசு செய்யணும்."

"ஆபரேஷனுங்களா?" என்று கேட்டாள் அம்மா.

"இன்னும் அங்க போகல. ஆனா பக்கத்துல வந்துட்டோம்."

திரும்பும் வழியில் ராசிபுரத்தில் அப்பா கொய்யாப்பழம் வாங்கினார். அது பையிலேயே கிடந்தது. அன்றிலிருந்து பெல்ட்டின் வாரை நானே இழுத்து இறுக்கினேன். பயிற்சிக்கு யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

பிளஸ் ஒன் படிக்கையில் உயரம் நின்றது. இடுப்பெலும்பின் எக்ஸ்ரேயைப் பார்த்து, வளர்ச்சி முடிந்துவிட்டது என்றார் டாக்டர்.

"நேராயிருச்சுங்களா?" என்றாள் அம்மா.

"நேராகலைங்க. அப்படியே நின்னிருக்கு. நமக்கு அது போதும்."

பெல்ட் இல்லாமல் பள்ளிக்குப் போன முதல் நாள், முதுகைப் பிடித்திருந்த கை விலகியதுபோல் இருந்தது. சுவரோரமாகவே நடந்தேன்.

இப்போது கல்லூரியில் படிக்கிறேன். வளர்ந்து முடிந்த பிறகும் சிலருக்கு வளைவு மெல்லக் கூடுமாம். அதனால் ஆண்டுதோறும் சேலம் போகிறோம். போன மாதமும் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"கூடலைங்க," என்றார் டாக்டர். "அடுத்த வருசமும் வந்து பாத்துருங்க."