மகளின் பெயருக்கு வந்த வரிக் கடிதம்

என் மகளுக்கு வந்த கடிதத்தை நான் பிரித்தேன். அவளுக்குத் தெரியாமல் அவள் பெயரிலேயே பதில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அதனால் தெரியவந்ததை, வீட்டுக்குச் சாப்பிட வந்தவர்கள் முன்னால் சொல்லி அவளைத் தலைகுனிய வைத்தேன். எனக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லத் தெம்பில்லை.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில். ஒரு மருந்து கம்பெனியில், அரசாங்கத்தின் கேள்விகளுக்குப் பதில் எழுதும் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். வீட்டுக்கு வரும் தபால் எல்லாவற்றையும் நான்தான் பிரிப்பேன். உறைமேல் யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. இந்த நாட்டில் பிறர் தபாலைப் பிரிப்பது குற்றம் என்பது எனக்குத் தெரியும். மகள் எனக்குப் பிறத்தியாள் இல்லை என்று நினைத்திருந்தேன். நண்பர்களும் தங்கள் இன்சூரன்ஸ் தகராறுகளை என்னிடம் கொண்டுவருவார்கள். "சார் ஒரு லெட்டர் போட்டா அவன் ஆபீஸே ஆடிடும்" என்பார்கள். அந்தப் பேச்சு எனக்கு இனித்தது.

கல்யாணமாகிப் பல வருடங்கள் கழித்துப் பிறந்த ஒரே மகள். இங்கிலாந்தில் ஒரு வருட மேற்படிப்புக்குப் போய், செப்டம்பரில் திரும்பி வந்தாள். அக்டோபரில் அந்த ஊர் நகராட்சியிலிருந்து அவள் பெயருக்கு ஓர் உறை வந்தது. அங்கே வீட்டில் குடியிருப்பவர்கள் கவுன்சில் வரி கட்ட வேண்டும். முழுநேர மாணவர்களுக்கு விலக்கு உண்டு. ஜனவரி முதல் செப்டம்பர் வரை வரி கட்டச் சொல்லியிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. மாணவிக்கு வரியா? அதுவும் அவள் இருந்தது மாணவர் விடுதியில். விடுதி ஒப்பந்தத்தின் நகல் என்னிடமே இருந்தது. உறையின் மேல் வேறு முகவரி எதுவும் இல்லை. எங்கள் வீட்டு முகவரிதான். உள்ளே பில்லில் ஏதோ ஒரு தெருப் பெயரும் மாடி எண்ணும் இருந்தன. அது அவர்களுடைய தவறு என்று முடிவு செய்துகொண்டேன். மகளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

கேட்கவில்லை. பில்லை ரத்து செய்ய வைத்து, அந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுத்து அசத்த வேண்டும் என்று ஆசை. இரண்டு பக்கம் எழுதினேன். வேறு யார் எழுதினாலும் நகராட்சி பதில் சொல்லாது என்பதால் அவளாகவே எழுதினேன். பள்ளிக்கூடப் படிவங்களில் அவளுக்காகப் போட்டுப் பழகிய கையெழுத்துதான்.

அந்த நாட்களில் அவள் இரண்டு மூன்று முறை கேட்டாள்.

"அப்பா, இங்கிலாந்துலேர்ந்து எனக்கு ஏதாவது லெட்டர் வந்துதா?"

"ஒண்ணும் வரலையேம்மா. எதுக்கு?"

"சும்மாதான்."

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, அவள் படித்து முடித்ததற்காகச் சில குடும்பங்களை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தோம். அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள். நான் கேட்கவில்லை. அன்று காலை நகராட்சியின் பதில் வந்தது. பல்கலைக்கழகத்தில் விசாரித்துவிட்டு எழுதியிருந்தார்கள்: தாங்கள் ஜனவரியிலேயே படிப்பிலிருந்து விலகிவிட்டீர்கள்; விடுதியைக் காலி செய்து, பில்லில் உள்ள முகவரியில் தனியாகக் குடியிருந்தீர்கள்; ஆகவே விலக்கு இல்லை. மரியாதையான கடிதம். வீட்டு முன்னால் கார் நிறுத்துமிடத்தில் நின்று நான்கு முறை படித்தேன். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தவர்களை வரவேற்றேன்.

பக்கத்து ஊரான மான்மவுத் ஜங்ஷனிலிருந்து வந்த நண்பர் தட்டும் கையுமாக அவளிடம் போனார்.

"என் பொண்ணும் அங்கதான் அப்ளை பண்றா. நீ கொஞ்சம் கைட் பண்ணும்மா. கோர்ஸ் ரொம்ப டஃப்பா?"

"அப்புறம் பேசலாம் அங்கிள்."

"அதெல்லாம் தப்பிக்க முடியாது. கைட் பண்ண ஃபீஸ் கேப்ப போலிருக்கே!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"அவகிட்ட கேக்காதீங்க. ஜனவரியிலேயே படிப்ப விட்டுட்டாளாம். அந்த ஊர் முனிசிபாலிட்டிக்குத் தெரிஞ்சிருக்கு. அப்பனுக்குத்தான் தெரியல."

"சார் இன்னிக்கு ஜோக் மூட்ல இருக்கார்" என்றார் யாரோ. நான் பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் காட்டினேன். காட்டாமல் இருந்திருந்தால் அது வேடிக்கைப் பேச்சாகவே போயிருக்கும்.

அவள் தயிர்சாதப் பாத்திரத்தை மேசைமேல் வைத்தாள். கத்தவில்லை.

"அது எனக்கு வந்த லெட்டர்ப்பா" என்றாள். மாடிக்குப் போய்விட்டாள்.

விருந்தினர் போன பிறகு என் மனைவி சொன்னாள். மனைவிக்கு எல்லாம் முன்பே தெரியுமாம். முதல் பருவத்திலேயே மகளுக்குத் தூக்கம் போயிருக்கிறது. வகுப்பில் உட்கார முடியாமல் அழுதிருக்கிறாள். படிப்பை விட்டுவிட்டு ஒரு பேக்கரியில் வேலை பார்த்திருக்கிறாள். "வேலை பாத்து மிச்சம் பிடிச்சிருந்தா. அந்த வரிய அவளே கட்டி எல்லாத்தையும் முடிச்சிட்டுதான் உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தா. பில் வரட்டும்னு தினம் காத்துக்கிட்டு இருந்தா. நீங்க வரலன்னீங்க."

நான் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டியிருக்கலாம். அவள் அறை வாசல் வரை போனேன். 'நீ ஏன் என்னிடம் மறைத்தாய்' என்ற கேள்விதான் வாயில் இருந்தது. அதனால் திரும்பி வந்துவிட்டேன்.

ஜனவரியில் அவளுக்கு டெக்சாஸில் ஒரு வேலை கிடைத்தது. விமான நிலையத்துக்கு அவள் அம்மாதான் காரோட்டினாள். வாசலில் நின்றிருந்த என்னிடம், "டேக் கேர்ப்பா" என்றாள். தபால்காரரிடம்கூட அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பேசுவாள்.

அதற்குப் பிறகு நான் செய்ய முயன்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். நகராட்சிக்கு எழுதினேன்: அந்த முறையீட்டை எழுதியதும் கையெழுத்திட்டதும் நான், என் மகள் அல்ல என்று. சம்பந்தப்பட்டவரிடம் மட்டுமே பேச முடியும் என்று பதில் வந்தது. அவள் டெக்சாஸ் போவதற்கு முன்பே அந்த வரியைக் கட்டிவிட்டாள் என்பது மனைவி சொல்லித்தான் தெரியும். அன்று வந்திருந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் போன் செய்து, தவறு என்னுடையது என்றேன். "விடுங்க சார், யாரு இதையெல்லாம் ஞாபகம் வச்சிருக்கா" என்றார் மான்மவுத் ஜங்ஷன் நண்பர். அவள் வைத்திருக்கிறாள் என்றேன்.

அவளுக்கும் எழுத உட்கார்ந்தேன். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஆங்கிலத்தில் எழுதினாலோ, வாழ்நாள் முழுவதும் ஆபீஸ் பதில்களே எழுதிய கை இது. மன்னிப்புக்கூட அலுவலகக் குறிப்பு போல வந்தது. 'மேற்கண்ட விஷயம் தொடர்பாக' என்று ஆரம்பிக்காததுதான் மிச்சம். கிழித்துப் போட்டேன்.

கடைசியில் ஒன்றே ஒன்று என்னால் முடிந்தது. அவள் பெயருக்கு எங்கள் வீட்டுக்கு வந்த தபாலை நான் பிரிக்கவில்லை. வங்கி, பழைய கல்லூரி, பல் டாக்டர், எதுவானாலும் வந்தபடியே ஒரு பழுப்பு உறையில் வைத்து, ஒட்டி, டெக்சாஸுக்கு அனுப்பினேன். முகவரியை மனைவி கொடுத்தாள். உள்ளே சீட்டு எதுவும் வைக்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருக்க நான் கற்றுக்கொண்டது அப்படித்தான். ஒரு வருடத்துக்கு மேல் அனுப்பினேன். ஒரே மொத்தமாகப் பத்து உறைகளில் அவள் முகவரியை எழுதிக்கூட வைத்துக்கொண்டேன்.

போன வசந்தத்தில் தபால் துறையிலிருந்தே அவள் பெயருக்கு ஓர் உறை வந்தது. அதையும் பிரிக்காமல் அனுப்பினேன். அதன் பிறகு அவள் பெயருக்கு எதுவும் வரவில்லை. இரண்டு வாரம் பெட்டியைத் துழாவிப் பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி போனில் அவளோடு பேசிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் பக்கத்தில் இருப்பது மகளுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது.

"அப்பாகிட்ட சொல்லும்மா, போஸ்ட் ஆபீஸ்ல அட்ரஸ் மாத்திட்டேன். எல்லாம் நேரா இங்கேயே வந்துடும். இனிமே அவர் அனுப்ப வேண்டாம்." பிறகு சேர்த்துச் சொன்னாள்: "ஒண்ணுகூட ஓப்பன் பண்ணல. பாத்தேன். தேங்க்ஸ்னு சொல்லு."

"நீயே சொல்லேன்டி. இங்கதான் உக்காந்திருக்கார்."

"இன்னொரு நாள்மா."

முகவரி எழுதிய உறைகளில் நான்கு மிச்சம் இருக்கின்றன. மேசை இழுப்பறையில்தான் வைத்திருக்கிறேன்.