பெட்ரோல் முள்ளும் மாசாணத்தின் பிரம்பும்

துடியலூர் பங்காரு வீட்டுப் பழைய வெள்ளைக் காரில் பெட்ரோல் அளவைக் காட்டும் முள் படுத்துப் பதினான்கு வருடமாகிறது. வீட்டில் யாரும் அதைப் பார்ப்பதில்லை, டிரைவர் மாசாணத்தைத்தான் கேட்பார்கள். அவர் டேங்க் மூடியைத் திறந்து, கத்தியால் கோடு கீறிய மெல்லிய பிரம்பை வளைத்து உள்ளே விட்டு எடுத்து, நனைந்த கோட்டைப் பார்த்துச் சொல்வார். ஒரு லிட்டர் தப்பாது.

கிணத்துக்கடவில் இளநீர் லாரி கிளீனராக இருந்தவர் இருபத்தேழு வயதில் இந்த வீட்டுக்கு வந்தார். இப்போது ஐம்பத்தெட்டு. இடையில் எந்த மெக்கானிக் வந்து முள்ளைப் பார்க்கட்டுமா என்று கேட்டாலும், மாசாணம் இருக்கும்போது முள் எதற்கு என்று பங்காரு அனுப்பிவிடுவார்.

பங்காரு இறந்து நாற்பது நாள். மாசாணம் அழவில்லை. வழக்கம்போல வந்தார், காரைத் துடைத்தார், எங்கும் போகாத வண்டிக்குள் பிரம்பு விட்டுப் பார்த்தார், சாயங்காலம் வீட்டுக்குப் போனார். சோறு எப்படி இருக்கிறது என்று மனைவி செவ்வந்தி கேட்டபோதுதான் சாப்பிட்டுக்கொண்டிருப்பதே தெரிந்தது.

பெங்களூரில் வேலை பார்க்கும் பங்காருவின் ஒரே மகள் சைதன்யா, வீட்டைப் பூட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை காரோடு கிளம்புவதாக இருந்தாள். முள் வேலை செய்தால் தானே ஓட்டிப் போய்விடலாம், இல்லையென்றால் மாசாணண்ணாவையும் கூட்டிப்போய் அங்கேயே வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று அவள் போனில் யாரிடமோ சொன்னது கார் ஷெட்டில் இருந்த மாசாணத்துக்கும் கேட்டது.

வெள்ளிக்கிழமை எலக்ட்ரீசியன் கண்ணையா வந்தார். ஃப்யூஸைப் பார்த்தார், சரியாக இருந்தது. காருக்கு அடியில் படுத்து, டேங்கிலிருந்து முள்ளுக்குப் போகும் ஒயரைக் கழற்றி வண்டியின் பாடியில் தொடவைத்தார். சாவி போட்டு உட்கார்ந்திருந்த சைதன்யா, முள் மேலே ஏறுகிறது என்றாள். அப்படியானால் மீட்டரும் ஒயரும் நன்றாக இருக்கின்றன, கோளாறு டேங்க் பக்கம்தான் என்றார் கண்ணையா.

அடுத்து அவர் கை எங்கே போகும் என்று மாசாணத்துக்குத் தெரியும். பதினான்கு வருடத்துக்கு முன்னால் சைதன்யா லைசென்ஸ் எடுத்தாள். பொண்ணு ஓட்டுது, இனி டிரைவர் எதுக்கு என்று விருந்துக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் இலையில் இருந்தபடியே கேட்டார். அன்று மத்தியானம் மாசாணம் இதே இடத்தில் படுத்து, டேங்கின் எர்த் ஒயரைக் கழற்றி, முனையில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி, டேங்குக்குப் பின்னால் செருகிவைத்தார். அதோடு முள் படுத்துவிட்டது. ஒரு வாரத்தில் திரும்ப மாட்டிவிடலாம் என்றுதான் நினைத்தார்.

தடுக்கலாம். கையை நீட்டி, நான் பார்க்கிறேன் என்று சொல்லலாம். மாசாணம் கார் துடைக்கும் துணியை மடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

கண்ணையா ஒயரோடு வெளியே தலையை நீட்டினார். "எலி கடிச்சிருக்கும்னு பாத்தனுங்க. எலி இத்தனை நறுவிசா டியூப் சுத்தி வெக்காதுங்களே."

"நாந்தானுங்க வெச்சேன்" என்றார் மாசாணம். வேறு யாரோ பேசுவதுபோல இருந்தது.

சைதன்யா காரைவிட்டு இறங்கினாள். "எதுக்குங்ண்ணா?"

"நீங்க லைசென்சு எடுத்த வருசமுங்க அம்மணி."

அவள் அந்த ரப்பர் துண்டையே பார்த்தாள். கண்ணையா யாரையும் பார்க்காமல் மறுபடி அடியில் போய், துருவைச் சுரண்டி, ஒயரைத் திருகினார். சைதன்யா ஏறிச் சாவியைப் போட்டாள். முள் மெதுவாக எழுந்து பாதியில் நின்றது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே, பழக்கத்தில் கேட்டாள்.

"எவ்வளவு இருக்குங்ண்ணா?"

"பதினெட்டு லிட்டருங்க."

கேட்டபிறகுதான் அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். சாவியைத் திருப்பி எடுத்தாள்.

"ஞாயித்துக்கெழமை காத்தால அஞ்சு மணிக்கு நானே ஓட்டிட்டுக் கெளம்பறனுங்ண்ணா. வந்து கேட்டை மட்டும் தொறந்து உட்ருங்க."

"சரிங்க."

கண்ணையா போனபிறகு மாசாணம் பிரம்பை எடுத்துத் துடைத்தார். டிக்கியில் போட்டால் ஒடிந்துவிடும் என்று பின்சீட்டில் நீட்டிவைத்துக் கதவைச் சாத்தினார். கையில் பெட்ரோல் வாசம். குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டார்.