அவர்களுக்கு எட்டு நாள், எங்களுக்குப் பத்து நாள்

நெய்யில் மிளகு பொரிகிற வாசனை... குதைபியா பகுதியில் அந்தத் துணிக்கடையின் மாடிப்படி ஏறும்போதே மூக்கில் ஏறிவிட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது. நோன்பு தொடங்குகிற நாளில் காலையிலேயே யார் தாளித்துக்கொண்டிருக்கிறார்கள்?

நான் வந்தவாசிப் பக்கம். தமிழ் ஜைனக் குடும்பம், ஊரில் நயினார் வீடு என்பார்கள். கல்யாணமாகி வளைகுடாவில் மனாமாவுக்கு வந்த முதல் வருஷம் அது. குதைபியா அந்த ஊரில் ஒரு பகுதி. வீட்டுக்காரர் ஜம்புவுக்கு ரிஃபைனரியில் ஷிஃப்ட் டூட்டி. வெங்காயம், கிழங்கு சேர்க்காமல் சமைத்து, இருட்டுவதற்குள் சாப்பிட்டு முடிக்கிற என்னைப் பார்த்து பில்டிங்கில் இருந்த நம்ம ஊர்க்காரர்களே "டயட்டா?" என்று கேட்டார்கள். எத்தனை பேருக்குத்தான் விளக்குவது? கடைசியில் ஆமாம் டயட்தான் என்று சொல்லிவிட்டேன்.

ஆவணியில் எங்களுக்குத் தசலட்சணம் வரும். பத்து நாள் ஒரு வேளைச் சாப்பாடு, சாயங்காலம் கோயிலில் கூடிப் பாட்டு. ஊரில் கூட்டத்தோடு கூட்டமாகப் பத்து நாளும் போவதே தெரியாது. இங்கே ஒரு பெட்ரூம் ஃபிளாட்டில் நானும் ஏசியும்தான்.

"இதையும் தனியா உக்காந்து முடிக்கணும்னா என்னால ஆகாதுங்க. டிக்கெட் போட்டுடுங்க, ஊருக்கே போயிடறேன்" என்று ஜம்புவிடம் சொல்லிவிட்டேன். சும்மா மிரட்டவில்லை. பெட்டியைக்கூட இறக்கி வைத்தாயிற்று.

ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே "பாக்கலாம்" என்றார். அந்தப் 'பாக்கலாம்'மைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வழி காட்டியது கீழே மளிகைக்கடை வைத்திருந்த காயல்பட்டினத்து பாய். "ஒங்கள மாதிரியேதாம்மா அந்த குஜராத்திக்காரங்களும் வாங்குறாங்க. வெங்காயம் மாஃபி, உருளைக்கிழங்கு மாஃபி, எதுவும் வேணாங்கறாங்க. துணிக்கடை மாடியில ஒரு வாரமா ஏதோ விசேஷம் நடக்குது, போய்ப் பாருங்களேன்."

அப்படிப் போய் நின்றவள்தான் நான். உள்ளே வரிசையாக உட்கார்ந்து பாசிப்பயறு வேகவைத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா சிரித்தபடி வந்து என் கையிலும் ஒரு டம்ளரைத் திணித்தார். அவர்தான் கோகிலா பென்.

"கலாஸ் பெஹன். கல் கதம் ஹோ கயா."

நேற்றே முடிந்துவிட்டது என்பது என் அரைகுறை இந்திக்கே புரிந்தது. அவர்கள் சுவேதாம்பரர், நாங்கள் திகம்பரர். அவர்களுடைய எட்டு நாள் முடிந்த மறுநாள்தான் எங்களுடைய பத்து நாள் தொடங்குகிறது. நான் நோன்பைத் தொடங்க வந்திருக்கிறேன், அவர்கள் முடித்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஊரில் இருந்தவரை இது எனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் வந்ததில்லை.

அவர் என் பொட்டையும் பூவையும் பார்த்துவிட்டு, "மதராசி... ஜெயின்?" என்று இழுத்தார்.

சுருக்கென்றது. எங்கள் பக்கத்துக் குன்றுகளில் தீர்த்தங்கரர்கள் எத்தனை நூறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறார்கள் தெரியுமா என்று கேட்க வாய் துடித்தது. இந்தியில் எனக்குத் தெரிந்ததோ கித்னா, நஹி, ஜல்தி. இதை வைத்துக்கொண்டு என்னத்தைச் சண்டை போடுவது?

டம்ளரைக் கீழே வைத்தேன். "மை டென் டேஸ்... டுடே ஸ்டார்ட்" என்றேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் அழுததில் வெட்கம் வேறு.

"அகேலி?"

தனியாகவா என்று கேட்கிறார். தலையாட்டினேன்.

கோகிலா பென் திரும்பிப் பாய் சுருட்டுகிறவர்களிடம் குஜராத்தியில் ஏதோ சொன்னார். ஒருவர் முணுமுணுத்தார். பாவம், எட்டு நாள் வெறும் தண்ணீரில் இருந்த மனிதர். ஆனாலும் பாயை மறுபடி விரித்தார்கள்.

பிறகு என் முன்னால் வந்து கை கூப்பி "மிச்சாமி துக்கடம்" என்றார் கோகிலா பென். என்னை மன்னித்துவிடு என்று அர்த்தம். முந்தின நாள் எல்லாரும் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டு முடித்திருந்தார்கள். என்னிடம் கேட்க அவருக்கு ஒரு காரணம் இப்போதுதான் கிடைத்திருந்தது. எங்கள் முதல் நாளும் பொறுமைக்கும் மன்னிப்புக்கும் உரிய நாள்தான். நானும் கை கூப்பினேன். மனசுக்குள் திட்டியது அவருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியுமே.

பத்து நாளும் சாயங்காலம் வந்தார்கள். எல்லாரும் இல்லை. ஏழெட்டுப் பேர் வந்த நாளும் உண்டு, கோகிலா பென் மட்டும் வந்து கொட்டாவி விட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்த நாளும் உண்டு. நான் தமிழில் பாடுவேன், ஒரு வார்த்தை புரியாமல் தாளம் போடுவார். டூட்டி முடிந்து ஜம்பு வந்து ஆண்கள் பக்கம் உட்கார்ந்துகொள்வார்.

பத்தாம் நாள் வீட்டுக்கு நடந்து வரும்போது, "அப்ப டிக்கெட்டு?" என்றார்.

"அடுத்த வருஷம் அவங்களோட எட்டு நாளைக்கு நான் போய் உக்கார வேணாமா? பேசாம வாங்க."

அதிலிருந்து அந்த மாடியில் வருஷா வருஷம் பதினெட்டு நாள். ரொம்ப காலம் அப்படித்தான் நடந்தது.

இப்போது எங்கள் பிரிவிலேயே இங்கே நிறையக் குடும்பங்கள். அவர்களுக்குத் தனி ஹால், எங்களுக்குத் தனி ஹால், தனித்தனி வாட்ஸ்அப் குரூப். வசதிக்கு ஒரு குறையும் இல்லை. அவரவர் நாளுக்கு அவரவர் வருகிறார்கள்... கோகிலா பென் மகனோடு டொரன்டோ போய்விட்டார். "இங்கே பெரிய கோயில் இருக்கு பத்மா. நான் வரலைன்னா யாருக்கும் தெரியாது" என்றார் போனில். எனக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது.

போன வருஷம் அவர்களுடைய முதல் நாள் அன்று அந்த ஹாலுக்குப் போனேன். வாசலில் வாலன்டியர் பேட்ஜ் போட்ட ஒரு சின்னப் பெண். இங்கேயே பிறந்து வளர்ந்தவளாக இருக்கும். ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டாள்.

"ஆன்ட்டி, யுவர்ஸ் இஸ் நெக்ஸ்ட் வீக், நோ?"

"யெஸ்மா" என்றேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.