மூன்று சக்ஸபோனும் ஐந்து எழுத்தும்

கொக்கிளாய்க் கோயில்காரரும் தங்கள் பாண்டுக்கு ஒரு டெனர் சக்ஸபோன் வாங்கப் போகிறார்களாம். நாயாற்றுக் கோயிலுக்கு அதை வாங்கி வர நான்தான் சென்ற வைகாசியில் வவுனியாவுக்குப் போனேன். போகிறவர்களுக்கு உதவும், எழுதுங்கள் என்று வாசிகசாலை ஆசிரியர் சொன்னார். நான் எழுதப் பழகி இரண்டு வருடம்தான். ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் பிடிக்கிறது. ஆனாலும் எழுதும்போது எனக்கு வரும் சந்தோசம் பெரியது.

என்னை ஏன் அனுப்பினார்கள் என்று சொல்ல வேண்டும். எங்கள் பாண்டில் இருபது வருடத்துக்கு மேல் டெனர் ஊதியவன் நான். இப்போது முன்பல் இரண்டும் போய்விட்டன. மேற்பல் இல்லாமல் சக்ஸபோனைப் பிடிக்க முடியாது. ஆனால் காது நன்றாக இருக்கிறது. "அந்தோனிப்பிள்ளை, உம்மட காதை நம்பித்தான் காசைத் தாறன்" என்றார் எங்கள் பங்குச் சுவாமியார்.

எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. அதைச் சுவாமியாருக்குச் சொல்லவில்லை. என் பழைய சக்ஸபோனில், வலது பெருவிரல் படுகிற இடத்துக்குக் கீழே, என் மனைவி ரெஜினா கத்திரிக்கோல் நுனியால் ஏதோ எழுதியிருந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியும், எனக்குத் தெரியாது. என்ன என்று கேட்டேன். "உங்கட பேர்தான். துலைஞ்சால் கண்டுபிடிக்கலாமெல்லே" என்றாள். அன்றிலிருந்து பதினெட்டு வருடம் அதை என் பெயர் என்று திருநாளுக்குத் திருநாள் எல்லோருக்கும் காட்டினேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். என் வாசிப்பை மெச்சிச் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

ரெஜினா இறந்து ஆறு வருடம். அதன்பிறகு ஊத மனம் வராமல், வவுனியாவில் பாண்ட் நடத்தி வாத்தியங்களும் விற்கும் செல்வராசா மாஸ்டரிடம் வாத்தியத்தை விலைக்குக் கொடுத்துவிட்டேன். பிறகு வாசிகசாலைப் பின்னேர வகுப்பில் ஆசிரியர் என் பெயரைச் சிலேட்டில் எழுதிக் காட்டினார். எண்ணிப் பார்த்தேன், எட்டு எழுத்து. என் பெருவிரல் அறிந்தது ஐந்துதான்: முதலில் இரண்டு, நடுவில் ஒரு வெளி, பிறகு மூன்று. அப்படியானால் அது என் பெயர் இல்லை. என்ன எழுதினாள் என்று கேட்க ஆள் இல்லை. எழுத்தை மற்ற எல்லோரையும் விட வேகமாகப் படித்தேன்.

இனிப் பயணம். விடிய நாலரைக்குத் தோணியில் நாயாற்று முகத்துவாரத்தைக் கடந்தேன், பத்துச் சதம். அக்கரையில் முல்லைத்தீவுக்குப் போகும் மீன் லொறி நிற்கும். பதினொரு மைல், ஐம்பது சதம். சாரதிக்குப் பக்கத்தில் இருக்க இடம் கேளுங்கள், பின்னால் ஏறினால் வவுனியா வரைக்கும் மணப்பீர்கள்.

"எங்கயணை அப்பு, தனிய வெளிக்கிட்டுட்டியள்?" என்றான் சாரதி.

"சக்ஸபோன் வாங்க."

"இந்த வயசிலயோ? பொம்பிளை பாக்கப் போறியளாக்கும் எண்டு நினைச்சன்."

"அதுவும் ஒண்டு இருக்கு" என்றேன். அவன் சிரித்தான். நான் பாதிதான் விளையாட்டுக்குச் சொன்னேன்.

ஆறரைக்கு முல்லைத்தீவில் பஸ். வவுனியாவுக்கு ஐம்பத்தாறு மைல், இரண்டு ரூபாய் எண்பது சதம். பஸ்களை அரசாங்கம் எடுத்த பிறகு நேரத்துக்கு வெளிக்கிடுகின்றன. மாங்குளத்தில் கால் மணி நேரம் நிற்கும், தேநீர் குடிக்கலாம். இந்த வழியால் எத்தனையோ முறை போயிருக்கிறேன், ஆனால் வாசித்துக்கொண்டு போனது இதுதான் முதல் தடவை. ஓமந்தையில் ஒரு கடையின் பலகையை முழுவதும் வாசித்து முடிக்கமுன் பஸ் எடுத்துவிட்டது. என்ன விற்கிற கடை என்று இன்னும் தெரியாது. வவுனியா பஸ் நிலையத்தில் நான் எப்போதும் வெற்றிலை துப்புகிற சுவரில் 'இங்கே துப்ப வேண்டாம்' என்று எழுதியிருந்தது. ஒருவருக்கும் கேட்காமல் மன்னிப்புக் கேட்டேன். பக்கத்தில் ஆள் இருந்திருந்தால் சொல்லிச் சிரித்திருப்பேன்.

மாஸ்டர் வீடு பஸ் நிலையத்திலிருந்து முக்கால் மைல், வளவின் பின்பக்கம் குளக்கட்டு. விற்பதற்கு இருந்த மூன்று டெனர்களையும் மேசையில் கிடத்தியிருந்தார். ஒன்று புதியது, போன வருடம் பிரான்ஸிலிருந்து கப்பலில் வந்தது, பொன் நிறம். மற்றது யுத்தகாலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போனது, வெள்ளி முலாம். மூன்றாவது என்னுடையது, முலாம் எல்லாம் போய் வெண்கலச் சட்டி மாதிரி.

வாங்குகிறவர்கள் இதைக் கவனியுங்கள். வாயில் வைக்கும் மவுத்பீஸையும் அதில் கட்டும் நாணல் ரீட்டையும் மாற்றாமல், ஒரே சோடியையே மூன்றிலும் போட்டு ஊதச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் கேட்பது ரீட்டின் வித்தியாசம்தான். முதலில் அறைக்குள் கேட்டேன். பட்டாளத்து வாத்தியம் மேல்சுரங்களில் கணீரென்று கட்டளை போடுகிறது. கீழே இறங்கினால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. புதியது மேலும் கீழும் ஒரே கனம், இழுத்துக் கட்டிய கயிறு போல நேர்த்தி, ஆனால் கொஞ்சம் அந்நியம். என்னுடையதில் சுரத்துக்கு முன்னால் மூச்சு வரும். ஈர மணலில் கால் வைப்பது போன்ற சத்தம். நடுவில் ஒரு சுரம் முன்பு போலவே சற்றுத் தாழ்ந்து நின்றது. அறைக்குள் அதற்கு நிகர் மற்ற இரண்டும் இல்லை.

ஆனால் பாண்ட் வாசிப்பது அறைக்குள் இல்லை. நான் குளக்கட்டில் இருநூறு கஜம் நடந்துபோய், முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன். மாஸ்டர் ஒரே பாட்டை மாற்றி மாற்றி ஊதினார். முதுகைத் திருப்பி என்ன பயன்? என்னுடையது முதல் மூச்சிலேயே தெரிந்தது. பிறகு காற்று அதைப் பாதி வழியில் எடுத்துக்கொண்டு போய்விட்டது. புதியது முழுதாக வந்து சேர்ந்தது.

திரும்பி வந்தேன். மாஸ்டருக்கு என் முகம் விளங்கியிருக்க வேண்டும்.

"உங்கட பழசையே எடுங்கோ அப்பு. புதுசின்ர விலையில அரைவாசிதான். கோயில்காரருக்கு எங்க தெரியப்போகுது?"

எனக்கு ஆசை வந்தது. விலை குறைவு என்று சுவாமியாரிடம் சொல்லலாம், அவரும் மகிழ்வார். வாத்தியம் கோயில் அலுமாரியில் இருக்கும், நினைத்தபோது போய்ப் பார்க்கலாம். சொந்தமாக வாங்க என்னிடம் காசில்லை. மாஸ்டர் ஒரு கதிரையை இழுத்துவிட்டார்.

"கடற்கரைத் தெருவில திருநாள் சுற்றுப்பிரகாரம் சனத்தோட போகேக்க இது கடைசி ஆளுக்குக் கேளாது மாஸ்டர்" என்றேன் கடைசியில். "சுவாமியார் என்ர காதை நம்பித்தான் அனுப்பினவர். புதுசைக் கட்டுங்கோ. இதை ஒருக்கால் கையில தாங்கோ."

"அந்தக் கீறலைப் பாக்கவோ? மினுக்க மினுக்கப் போகுதில்லை. நான் வாசிச்சுச் சொல்லட்டே?"

"வாயைத் திறக்காதைங்கோ!"

அவர் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். நான் யன்னலடிக்குப் போனேன். பெருவிரல் தானாக இடத்தைப் பிடித்தது. கொம்பு, கால், சுழி என்று ஒவ்வொன்றாகக் கூட்டினேன். சோ. று. பிறகு வெளி. ஆ. று. து.

சோறு ஆறுது.

அந்தியில் கடற்கரையில் இருந்து ஊதத் தொடங்கினால் நான் எழும்புவதில்லை. அவள் வாசலில் நின்று சாப்பிடக் கூப்பிடுவாள். இந்தப் பாட்டு முடியட்டும் என்பேன். கடைசியில் கூப்பிடுவதை விட்டுவிட்டு, என் விரலுக்கடியில் எழுதி வைத்திருக்கிறாள். பதினெட்டு வருடம் அதைத் தடவித் தடவி ஊதியிருக்கிறேன், ஊர் முழுக்கக் காட்டியும் இருக்கிறேன். கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தேன். குசினிக்குள்ளே மாஸ்டரும் மனைவியும் சிரிப்பது கேட்டது. பிறகு அவர்கள் நிறுத்திவிட்டார்கள், நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன். வாத்தியத்தைத் துடைத்து மேசையில் வைத்தேன்.

இரண்டு மணி பஸ்ஸில் திரும்பினேன். வாத்தியப் பெட்டிக்கு அரை ரிக்கற் கேட்பார்கள், மடியில் வைத்தால் கேட்கமாட்டார்கள். பின்னேரம் நாயாற்றுக்கு லொறி இல்லை, ஆகவே முல்லைத்தீவில் தங்க ஆயத்தமாகப் போங்கள். மறுநாள் சுவாமியாரிடம் வாத்தியத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் உலை வைத்தேன். வடித்த உடனே, ஆவி பறக்க, தனியே இருந்து சாப்பிட்டேன். நாக்குச் சுட்டது.

கொக்கிளாய்க்காரருக்குக் கடைசியாக: வாத்தியத்தை வெளியில், தூரத்தில் நின்று கேட்டு வாங்குங்கள். அதைப் பழகப்போகும் பிள்ளைக்கும் ஒன்று சொல்லிவிடுங்கள். வீட்டில் கூப்பிட்டால் பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழும்பிப் போகலாம். பாட்டு ஆறாது.