தாம்பரத்திலிருந்து பரங்கிமலைக்கு, உட்காராமல் ஒரு நடை

தவக்காலத்தில் தாம்பரத்திலிருந்து பரங்கிமலைக்கு நடந்து போக நினைப்பவர்கள், முக்கியமாகக் குதிகால் வலிக்காரர்கள், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். நான் போனது 1974-இல். மகளுக்கு டைபாய்டு குணமானால் நடந்தே வருகிறேன் என்று மலைக்கோயில் மாதாவிடம் நேர்ந்திருந்தேன். அவள் எழுந்து ஓட ஆரம்பித்துவிட்டாள். எனக்குக் குதிகால் பிடித்துக்கொண்டது. நாளெல்லாம் நின்று பாடம் நடத்தும் டீச்சர் உத்தியோகம், வேறென்ன வரும்?

வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்கு எங்கள் கோயில் கூட்டமாகப் புறப்பட்டோம். ஜி.எஸ்.டி. ரோட்டில் சுமார் பதின்மூன்று கிலோமீட்டர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் உட்கார்ந்து ஜெபமாலையில் ஒரு பகுதி சொல்வது எங்கள் பங்குக் கோயில் வழக்கம். மற்றவர்கள் எழுந்த பிறகும், காலுக்கு நல்லது என்று நான் பத்து நிமிடம் கூடுதலாக உட்கார்ந்தேன். பெரிய புத்திசாலி! குரோம்பேட்டையில் எழுந்தபோது ஆணி குத்தியது போலிருந்தது. நடக்க நடக்கக் குறைந்தது. ஏழேகாலுக்குப் பல்லாவரத்தில் உட்கார்ந்து எழுந்ததும் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"அண்ணி, பேசாம ரிக்‌ஷால ஏறுங்க. மாதா கோவிச்சுக்க மாட்டாங்க," என்றாள் நாத்தனார் ஸ்டெல்லா. எனக்கு ஆத்திரமாக வந்தது. நேர்ந்தது நான், அவளா?

அங்கே நின்ற சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் என் காலைப் பார்த்தார். "குதிகாலாக்கா? எனுக்கும் கீது. சவாரி இல்லாம குந்திகினு இருந்துட்டு எயுந்தா உசுரு பூடும். மிதிச்சிகினே இருந்தா தெரியாது. நீ குந்தாதக்கா." கைக்கு வந்த சவாரியை விட்டுவிட்டு வைத்தியம் சொன்ன மனிதர்.

காரணத்தைப் பிறகு டாக்டர் சொன்னார். குதிகாலிலிருந்து விரல்வரை பாதத்தின் அடியில் ஒரு நார்ப்பட்டை ஓடுகிறது. ஓய்வில் அது இறுகிவிடும். முதல் அடியிலேயே வெடுக்கென்று இழுபடும். காலையில் கட்டிலைவிட்டு இறங்கும்போது வலிப்பதும் அதனால்தான். சற்று நடந்தால் இளகும். அதற்காக அளவு மீறி நடந்தாலும் வலி திரும்பும்.

அதன்பின் நான் உட்காரவில்லை. மீனம்பாக்கத்தில் எல்லோரும் உட்கார்ந்து ஜெபித்தார்கள். நான் சாலையோரம் மெல்ல நடந்துகொண்டே ஜெபித்தேன். ஒன்பதரைக்கு மலையடிவாரம். நூற்றுச் சொச்சம் படிகளும் ஏறி, பூசை முழுவதும் காலை மாற்றி மாற்றி நின்றேன். முடிந்ததும் தரையிலிருந்து ஒரு குரல்: "அண்ணி, கால் மரத்துப்போச்சு. கொஞ்சம் கை குடுங்க." ஸ்டெல்லாதான். கொடுத்தேன். பெருமையாகத்தான் கொடுத்தேன், மறைப்பானேன்?

போகிறவர்கள் விடிவதற்குள் கிளம்புங்கள். கெட்டியான செருப்பு அவசியம். உட்கார நேர்ந்தால், எழும் முன் கால்விரல்களை உங்கள் பக்கமாகப் பத்து முறை இழுத்துவிடுங்கள். வாரக்கணக்கில் வலித்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். வழியில் யாராவது ரிக்‌ஷாவில் ஏறச் சொன்னால் கோபப்படாதீர்கள். மலை உச்சியில் அவர்களுக்குக் கைகொடுக்க ஆள் வேண்டாமா?